ஒரு தொட்டியில் பல எல்லைகள்

சிக்லிட் எனப்படும் மீன் குடும்பத்தில் இதுவரை அறிவியல் முறைப்படி பெயரிடப்பட்ட இனங்கள் ஏறத்தாழ 1,700 உள்ளன. ஆப்பிரிக்காவின் பேரேரிகளிலும் தென் அமெரிக்க, நடு அமெரிக்க நீர்நிலைகளிலும் பெருகியுள்ள இக்குடும்பத்தின் சில பழைய கிளைகள் மடகாஸ்கரிலும், தென்னிந்தியா, இலங்கை ஆகியவற்றின் காயல்களிலும் கழிமுகங்களிலும் இன்றும் வாழ்கின்றன. கேரளத்தின் கரிமீன் அவற்றுள் ஒன்று. நிறத்தாலும், குஞ்சுகளைப் பேணும் அக்கறையாலும், வளர்ப்பவரின் முகத்தையே அடையாளம் கண்டுகொள்வதுபோன்ற துடிப்பாலும் வண்ணமீன் ஆர்வலர்களைக் கவரும் இம்மீன்கள், உடன்வாழும் மீன்களின் துடுப்புகளைக் கிழித்துக் கந்தலாக்குபவை என்ற பெயரையும் சேர்த்தே ஈட்டியுள்ளன. நடு அமெரிக்கச் சிக்லிட் ஒன்றுக்கு, 1919 முதல் 1926 வரை உலகக் கனஎடைக் குத்துச்சண்டை வாகையராக இருந்த ஜாக் டெம்ப்சியின் பெயரே வழங்குகிறது.

இத்தகைய பெயர்கள், மூர்க்கம் என்பது ஓர் இனத்தோடு ஒட்டிப் பிறந்த குணம் என்றும், அக்குணமுள்ள மீனை மற்றவற்றோடு சேர்க்கலாமா கூடாதா என்பதற்கு ஒரு பட்டியலைப் பார்த்தே விடை கூறிவிடலாம் என்றும் எண்ண வைக்கின்றன. ஆனால் கடந்த அறுபது ஆண்டுகளில் விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் கண்டறிந்தவற்றைத் தொகுத்து நோக்கினால், ஒரு சிக்லிட் எப்போது தாக்கும் என்பதைத் தீர்மானிப்பதில் அதன் இனத்துக்கு இருப்பது ஒரு பங்குதான் என்பதும், அது எதைக் காத்து நிற்கிறது, யாரைக் காண்கிறது, அதனிடம் தோற்ற மீன் எங்கே போக முடிகிறது என்ற மூன்றுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு என்பதும் புலப்படும். இனத்தை வளர்ப்பவரால் மாற்ற இயலாது. மற்ற மூன்றும் தொட்டியை அமைப்பவரின் கையில் இருப்பவை.

எல்லை எதற்காக?

ஓர் உயிரினம் தன் இனத்தாரையோ பிற இனத்தாரையோ நுழைய விடாமல் காத்து நிற்கும் இடமே அதன் எல்லை எனப்படுகிறது. காப்பதற்குச் செலவாகும் ஆற்றலைவிட, காப்பதால் கிடைக்கும் உணவோ துணையோ மிகுதியாக இருக்கும்போதுதான் விலங்குகள் எல்லையைக் காக்கும் என்ற கருத்தை ஜெரம் பிரவுன் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் 1964இல் முன்வைத்தார். பறவைகளுக்காகக் கூறப்பட்ட இக்கணக்கு சிக்லிட்களுக்கும் அப்படியே பொருந்துகிறது.

கிழக்கு ஆப்பிரிக்காவில் 550 கி.மீ.க்கும் மேல் நீளமுள்ள மலாவி ஏரியின் பாறைக் கரைகளில் 'ம்பூனா' என்று அப்பகுதி மக்கள் அழைக்கும் சிறு சிக்லிட்கள் வாழ்கின்றன. பாறைமேல் படர்ந்த பாசியையும் அதனுள் ஒளிந்திருக்கும் நுண்ணுயிர்களையும் சுரண்டித் தின்னும் இம்மீன்களில், ஆண் மீன் ஒரு பாறைப் பிளவைத் தன்னுடையதாக்கிக்கொண்டு ஆண்டு முழுவதும் அதைக் காக்கிறது. பெண் அங்கு வந்து முட்டையிட்டு, முட்டைகளைத் தன் வாய்க்குள்ளேயே எடுத்துக்கொண்டு வெளியேறி, ஏறத்தாழ மூன்று வாரம் வாயடைத்தபடியே குஞ்சுகளை உருவாக்குகிறது. இங்கே எல்லை ஆணுக்கு உரியது, அது நிலையானது, அளவில் சிறியது.

நடு அமெரிக்க ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழும் கன்விக்ட் சிக்லிட், மைடாஸ் சிக்லிட் முதலியவற்றின் முறை வேறு. ஆணும் பெண்ணும் இணைசேர்ந்து, ஒரு கல்லையோ பொந்தையோ தூய்மைசெய்து முட்டையிட்டு, துடுப்பால் நீரை விசிறி முட்டைகளுக்கு உயிர்வளி ஊட்டி, பொரித்த குஞ்சுகளைப் பல வாரங்கள் கூட்டமாக மேய்த்துக் காக்கின்றன. அந்நாட்களில் அருகில் வரும் எந்த மீனும் குஞ்சுகளைத் தின்ன வந்த பகைதான் என்பதால், இணை அனைத்தையும் விரட்டுகிறது. இங்கே எல்லை இருவருக்கு உரியது; பருவத்தோடு வந்து போவது; ஆனால் விரிந்து பரவுவது. கூட்டுத்தொட்டி அமைப்பவர் தம்மிடமுள்ள மீன் இவ்விரண்டில் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை முதலில் அறிய வேண்டும். ஒன்றுக்குப் பலனளிக்கும் உத்தி மற்றொன்றுக்குப் பயன்படாது.

சண்டையின் படிகள்

சிக்லிட்களின் மோதல் கண்மூடித்தனமானதன்று. அது படிப்படியாக ஏறும் ஓர் அளவெடுப்பு. முதலில் இரு மீன்களும் பக்கவாட்டில் நின்று, துடுப்புகள் அனைத்தையும் விரித்துத் தம் உடலளவைக் காட்டுகின்றன. அடுத்து, ஒன்று வாலை ஓங்கி அசைத்து நீரலையை மற்றதன் உடல்மேல் செலுத்துகிறது. மீனின் விலாவில் ஓடும் பக்கக்கோடு என்ற உணர்வுறுப்பு அவ்வலையின் அழுத்தத்தைக் கொண்டே எதிரியின் வலிமையை உணர்கிறது. பின்னர் செவுள் மூடிகளை விரித்து முகத்துக்கு முகம் நிற்கின்றன. ஃபயர்மவுத் சிக்லிட்டின் செவுள் மூடியிலுள்ள கரும்புள்ளிகள் அப்போது இரு பெரிய கண்களைப் போலத் தோன்றி, உடலைவிடப் பெரிய தலையொன்று எதிரே நிற்பதான மயக்கத்தை உண்டாக்குகின்றன. அதன்பிறகும் விடை கிடைக்காவிட்டால் வாயோடு வாய் கவ்வித் தள்ளுகின்றன. இறுதிப் படியில்தான் ஒன்றையொன்று சுற்றிக் கடிக்கின்றன.

சுவீடனைச் சேர்ந்த மாக்னஸ் என்குவிஸ்ட், ஓலோஃப் லைமார் ஆகியோர் 1983இல் இதற்கு ஒரு கணிதக் கோட்பாட்டை வகுத்து, பின்னர் நானகாரா அனோமலா என்ற சிறிய தென் அமெரிக்கச் சிக்லிட்டைக் கொண்டு அதைச் சோதித்தனர். எடையில் இரு மீன்களும் எவ்வளவு நெருங்கியிருந்தனவோ அவ்வளவு நீண்ட நேரம் சண்டை நீடித்ததையும், வேறுபாடு தெளிவாக இருந்தபோது தொடக்கப் படிகளிலேயே முடிந்ததையும் அவர்கள் கண்டனர். ஒரே அளவுள்ள இரு ஆண் சிக்லிட்களை ஒன்றாக வாங்கி விடுவது நியாயமான ஏற்பாடாகத் தோன்றினாலும், நீண்ட சண்டைக்கு அதுவே நேர்வழியாக அமைவதன் காரணம் இதுதான்.

ஏரியில் இச்சண்டை ஒரு கட்டத்தில் முடிவுக்கு வருகிறது: தோற்ற மீன் துடுப்புகளை மடக்கி, நிறம் மங்கி, சில மீட்டர் தொலைவு நீந்திச் சென்றுவிட்டால் வென்றதன் பார்வையிலிருந்தே மறைந்துவிடும். நான்கடித் தொட்டியிலோ தோற்ற மீன் எங்கு ஓடினாலும் கண்ணாடியில்தான் முட்டும். வென்ற மீனின் கண்ணுக்கு அது இன்னமும் எல்லைக்குள் நிற்கும் பகை. ஆகவே விரட்டல் தொடர்கிறது. தொட்டியில் மீன்கள் சாவது மூர்க்கம் மிகுந்ததால் மட்டும் அன்று. மூர்க்கத்தை நிறுத்தும் தொலைவு அங்கே இல்லாமற்போவதால்தான்.

லோரன்ஸின் கண்ணாடித் தடுப்பு

விலங்கு நடத்தையியலின் முன்னோடிகளுள் ஒருவரான கொன்ராட் லோரன்ஸ் 1963இல் வெளியிட்ட ஆக்கிரமிப்பு உணர்வு பற்றிய நூலில் சிக்லிட்களுக்குக் கணிசமான இடம் உண்டு. தென்னிந்தியாவையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்ட மஞ்சள் நிற எட்ரோப்ளஸ் மாக்குலேட்டஸ் இணைகளை வளர்த்த அவர், பிற மீன்களோடு வாழும்போது இணக்கமாக இருந்த இணைகள், தனித் தொட்டிக்கு மாற்றப்பட்டதும் ஆண் பெண்ணையே தாக்கும் நிலைக்குச் சென்றதைப் பதிவு செய்தார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அதே இனத்து மீன்களை வைத்தால் ஆண் தன் சீற்றத்தை அவற்றின்மீது காட்டிவிட்டுத் துணையிடம் சாந்தமாக இருந்தது. தடுப்பில் பாசி படிந்து அயலார் கண்ணுக்கு மறைந்தபோது மீண்டும் துணையை நெருக்கத் தொடங்கியது. தாக்கும் உந்துதல் உள்ளே தானாகவே ஊறிப் பெருகுகிறது, அது வெளியேற ஒரு வடிகால் வேண்டும் என்பது லோரன்ஸ் கண்ட முடிவு. ஒரு மூர்க்க மீனுக்குத் துணையாக, அடிபட்டாலும் தாங்கக்கூடிய 'இலக்கு மீன்' ஒன்றை விடுவது என்ற பழக்கத்துக்கு இம்முடிவே அறிந்தோ அறியாமலோ அடிப்படையாயிற்று.

லோரன்ஸிடமே பயின்ற வால்டர் ஹைலிகன்பெர்க் இக்கருத்தை அளவிட்டுப் பார்த்தார். இன்று அஸ்டட்டோடிலாப்பியா பர்டோனி என அழைக்கப்படும் ஆப்பிரிக்கச் சிக்லிட்டின் ஆண்களைத் தம் இனத்து ஆண்களைக் காணாதபடி பிரித்து, சிறு மீன்களோடு மட்டும் வைத்து, அவை அச்சிறு மீன்களை எத்தனை முறை தாக்குகின்றன என்று எண்ணினார். உந்துதல் உள்ளே தேங்குவது உண்மையாயின் நாளாக நாளாகத் தாக்குதல் கூடியிருக்க வேண்டும், அது குறைந்தது. கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை தீட்டிய ஒரு பொம்மை மீனைச் சற்று நேரம் காட்டினால் தாக்குதல் உயர்ந்து, பின்னர் மெல்ல மெல்லத் தணிந்தது. இதே இனத்தைக் கொண்டு லியோங் என்ற ஆய்வாளர் 1969இல் வெளியிட்ட முடிவுகள், அக்கறுப்புப் பட்டை தாக்கும் முனைப்பைக் கூட்டுவதையும், உடலிலுள்ள செம்மஞ்சள் திட்டு அதைக் குறைப்பதையும் பிரித்துக் காட்டின. ஹைலிகன்பெர்க்கும் கிராமரும் 1972இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின், தாக்கும் முனைப்பு உள்ளே ஊறுவதைவிட வெளிக்காட்சியால் ஊட்டப்படுவதே மிகுதி என்ற கருத்து வலுப்பெற்றது.

கூட்டுத்தொட்டி வளர்ப்புக்கு இவ்விரு கருத்துகளின் வேறுபாடு வெறும் ஏட்டளவிலானதன்று. லோரன்ஸின் வழியில் சென்றால், மூர்க்க மீனின் கண்ணெதிரே அடிபட ஒரு மீனை நிறுத்த வேண்டியிருக்கும். ஹைலிகன்பெர்க்கின் வழியில் சென்றால், எதிரியென்று தோன்றும் எதுவும் எந்நேரமும் கண்ணில் படாதபடி தொட்டியை அமைப்பதே முதல் வேலையாகும். கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் அயலார் பற்றிய லோரன்ஸின் அவதானிப்பு உண்மையே. ஆனால் ஓர் எதிரியைக் காட்டி மற்றொரு மீனைக் காப்பது, தப்பியோட இடமில்லாத தொட்டியில் பலியை மாற்றுவதாகவே முடியும்.

தரையும் பார்வையும்

பெருந்தொட்டி என்றால் எத்தனை லிட்டர் என்றே பெரும்பாலும் கேட்கப்படுகிறது. சிக்லிட்கள் காப்பது தரையையும் பாறையையுமே தவிர நீரின் கன அளவை அன்று என்பதால், உயரத்தைவிட நீளமும் அகலமுமே முக்கியம். ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் கொண்ட தொட்டி ஏறத்தாழ 680 லிட்டர் கொள்ளும். அதே நீரை நான்கடி நீளமும் மூன்றடி உயரமுமாக நிறுத்தினால் தரைப்பரப்பு 12 சதுர அடியிலிருந்து 8 சதுர அடியாகக் குறைந்துவிடும், ஓடித் தப்பும் நேர்த்தொலைவும் மூன்றில் ஒரு பங்கு குறுகிவிடும். நீர் மட்டுமே 680 கிலோ எடையுள்ளதென்பதால், கல்லும் மணலும் சேரும்போது தாங்கும் மேடையும் தளமும் அதற்கேற்ற வலிவோடு இருக்க வேண்டும்.

அமெரிக்க உயிரியலாளர் ரொனால்ட் ஓல்ட்ஃபீல்ட் 2011இல் மைடாஸ் சிக்லிட் இளமீன்களைக் கொண்டு நடத்திய ஆய்வு இங்கே கருதத்தக்கது. வீடுகளில் வழக்கமாக வைக்கும் சிறு தொட்டிகளுக்குள் அளவைச் சற்றே கூட்டுவதாலோ மீன்களின் எண்ணிக்கையைச் சற்றே மாற்றுவதாலோ மோதல் பெரிதாகக் குறையவில்லை. தொட்டி பன்மடங்கு பெரிதாகி, மறைவிடங்களும் நிறைந்தபோதுதான் மீன்கள் சண்டையில் செலவிட்ட நேரம் தெளிவாகக் குறைந்தது. இரண்டடித் தொட்டியை மூன்றடியாக மாற்றுவதால் சிக்லிட்டின் மூர்க்கம் தணியும் என்று எதிர்பார்ப்பது வீண் என்பதே இதன் பொருள்.

கல்லடுக்கை அமைக்கும்போது, தொட்டியின் ஒரு முனையில் நிற்கும் மீனுக்கு மறுமுனை தெரியக் கூடாது என்பதை அளவுகோலாகக் கொள்ளலாம். பின்சுவரை ஒட்டி ஒரே வரிசையாகக் கற்களை அடுக்கினால், வலிய மீன் நடுவில் நின்று முழுவதையும் ஒரே பார்வையில் ஆளும். அதற்குப் பதிலாக, முன்கண்ணாடிவரை நீளும் இரண்டு மூன்று குவியல்களாகப் பிரித்து, இடையே வெற்று மணல்வெளி விட்டால், ஒவ்வொரு குவியலும் தனித்தனி எல்லையாகிவிடும். பொந்துகளுக்கு இரு வாயில்கள் இருப்பது அவசியம். ஒரே வாயிலுள்ள பொந்து ஒளிந்த மீனுக்குப் புகலிடமாவதில்லை, பொறியாகவே ஆகிறது. சிக்லிட்கள் மணலை வாயால் அள்ளிக் குழி பறிப்பவை. ஆதலால் கற்களை மணல்மேல் வைக்காமல் தொட்டியின் அடிக்கண்ணாடியிலேயே ஊன்றி, அதன் பிறகே மணலைப் பரப்ப வேண்டும். இல்லாவிடில் மீன் தோண்டிய இடத்தில் கல் சரிந்து, மீனையோ கண்ணாடியையோ உடைக்கும்.

ஒத்த நிறம், ஒத்த வடிவம்

எதிரியைக் கண்ணாலேயே அறியும் மீனுக்கு, தன்னைப் போன்று தோன்றுவதே முதல் எதிரி. விக்டோரியா ஏரியின் சிக்லிட்களை ஆராய்ந்த ஓலெ சீஹவுசனும் டால்ஃப் ஷ்லூட்டரும், ஆண்கள் தம் நிறத்தை ஒத்த ஆண்களை மிகுதியாகத் தாக்குவதையும், அதனால் பாறைக் கரையில் அடுத்தடுத்த எல்லைகளில் வெவ்வேறு நிற ஆண்கள் அமைவதையும் 2004இல் எடுத்துக்காட்டினர். எனவே நீலத்தில் கறுப்புப் பட்டையுள்ள இரண்டு ம்பூனா இனங்களை ஒன்றாக விடுவதைவிட, ஒன்றை நீலமாகவும் மற்றொன்றை லாபிடோகுரோமிஸ் சேருலியஸ் போன்ற மஞ்சளாகவும் தேர்வதே அமைதிக்கு உகந்தது. அவ்வினம் ம்பூனாக்களுள் சாந்தமானது என்பது கூடுதல் நன்மை. நிறம் மேலாதிக்கத்தையும் தரக்கூடும்: மைடாஸ் சிக்லிட்களில் பெரும்பாலானவை சாம்பல் நிறமாயிருக்க, சில பொன்னிறமாக மாறுகின்றன, அவ்வகைப் பொன்மீன்கள் தம் அளவேயுள்ள சாம்பல் மீன்களை எளிதில் அடக்கிவிடுவதை நிகரகுவாவின் ஏரிகளிலும் ஆய்வகத்திலும் நெடுங்காலம் இவற்றை ஆராய்ந்த ஜார்ஜ் பார்லோ பதிவு செய்துள்ளார்.

எண்ணிக்கையும் நுழையும் வரிசையும்

ம்பூனாக்களை ஓரளவு நெருக்கமாக வளர்ப்பது ஆர்வலர்களிடையே பரவலான வழக்கம். பார்வைக்கு முரணாகத் தோன்றும் இவ்வழக்கத்துக்குப் பிரவுனின் ஆற்றல் கணக்கே விளக்கம் தருகிறது: அத்துமீறுவோர் இருவர் மட்டுமாயின் இருவரையும் விரட்டுவது இலாபம், முப்பது பேராகிவிட்டால் விரட்டி மாளாது, எல்லை தன் கல்லடிவரை சுருங்கிவிடும், விழும் அடிகளும் பலர்மீது பரவிவிடும். மூன்று மீன்களுள்ள தொட்டியில் ஒன்று இரண்டைக் கொன்றுவிடக்கூடும். அதே இனம் பன்னிரண்டாக வளரும்போது எந்த ஒன்றும் குறிவைக்கப்படுவதில்லை. ஓர் ஆணுக்கு மூன்று பெண்களேனும் இருந்தால், இனச்சேர்க்கைக்காகத் துரத்தப்படும் தொல்லை ஒரே பெண்மீது விழாது.

நெருக்கத்துக்கு விலையும் உண்டு. மீனின் கழிவிலிருந்தும் தின்னாத தீனியிலிருந்தும் எழும் அம்மோனியாவை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், அதை வேறொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் குறைந்த அளவிலேயே நஞ்சு. மீன்களை மிகுத்து வைப்பவர் அந்நுண்ணுயிர்கள் குடியேறப் போதுமான பரப்புள்ள பெரிய வடிகட்டியையும், தவறாத நீர் மாற்றத்தையும் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். மேலும் இவ்வுத்தி வாயில் முட்டை காக்கும் ஆப்பிரிக்க இனங்களுக்கே பொருந்தும். குஞ்சு மேய்க்கும் நடு அமெரிக்க இணை முப்பது பேரையும் ஒரே மூலையில் ஒடுக்கிவிடும்.

எந்த மீன் முதலில் தொட்டிக்குள் நுழைகிறது என்பது அதன் உடலளவுக்கு நிகரான முக்கியத்துவம் உடையது. ஓரிடத்தில் முன்பே குடியிருக்கும் மீன், பின்னர் வரும் சமவலிமையுள்ள மீனைப் பெரும்பாலும் வெல்லும். ஆகவே சாந்தமான இனங்களை முதலிலும், மிக மூர்க்கமானதை எல்லாவற்றுக்கும் கடைசியாகவும், இயன்றால் இளமீனாகவும் விடுவதே முறை. நிறைந்த தொட்டியில் புதிய மீன் சேர்க்க நேர்ந்தால், அதற்கு முன் கற்குவியல்களைக் கலைத்து வேறு வகையாக அடுக்குவதால் பழைய எல்லைகள் அழிந்து, எல்லா மீன்களும் ஒரே நேரத்தில் புதுக்குடிகளாகின்றன. ஒன்றை மட்டும் தனியாகச் சேர்ப்பதைவிட ஐந்தாறை ஒருசேரச் சேர்ப்பது நல்லது. பர்டோனி சிக்லிட்கள் பிற மீன்களின் சண்டைகளைப் பார்த்தே அவற்றின் ஏறுவரிசையை ஊகித்தறிவதை லோகன் குரோசெனிக், டிரிசியா கிளமென்ட், ரஸ்ஸல் ஃபெர்னால்ட் ஆகியோர் 2007இல் மெய்ப்பித்தனர். வந்த அன்றே எல்லோர் முன்னிலையிலும் தோற்ற புதுமீன், சண்டையிடாத மீன்களிடமும் மதிப்பிழக்கும் என்று எதிர்பார்க்க இதில் நியாயம் உண்டு.

துணையாகத் தகுந்தவை

மேல்நீரில் கூட்டமாக, பதற்றமின்றி நீந்தும் சிறு மீன்கள் உடனிருந்தால், ஒளிந்தே கிடக்கும் சிக்லிட்கள் துணிந்து வெளிவருவதைக் கண்ட பார்லோ, ஆய்வகத் தொட்டிகளில் அச்சத்தைக் குறைக்கும் வழியாக இதை 1968இல் பரிந்துரைத்தார். வேட்டை மீன் அருகில் இருந்தால் அக்கூட்டம் அவ்வளவு அமைதியாக உலவாது என்பதால், அதன் அமைதியே பாதுகாப்புக்குச் சான்றாகிறது. ஆர்வலர்கள் 'டிதர் மீன்' என்று அழைக்கும் இத்துணைகள் சிக்லிட்டோடு நிறத்திலும் வடிவிலும் ஒத்திராதவையாகவும், தரையைப் பயன்படுத்தாதவையாகவும், விரைந்து நீந்துபவையாகவும், எல்லாவற்றுக்கும் மேலாக அதன் வாய்க்குள் அடங்காதவையாகவும் இருக்க வேண்டும். தென்னிந்தியாவின் மலையோடைகளிலும் இலங்கையிலும் வாழும் மலபார் டானியோ, ஃபயர்மவுத், கன்விக்ட் போன்ற நடுத்தரச் சிக்லிட்களுக்குப் பொருத்தமானது. 30 செ.மீ. அளவுக்கு வளரும் ஆஸ்கருக்கோ, அதனினும் பெரிய ஜாகுவார் சிக்லிட்டுக்கோ அது ஒருநாள் தீனி. அங்கே வட்டத் தட்டு வடிவமுள்ள சில்வர் டாலர், கையளவுக்கு மேல் வளரும் டின்ஃபாயில் பார்ப் ஆகியவையே ஈடுகொடுக்கும்.

அடித்தளத்தில், உடலெங்கும் எலும்புத் தகடு போர்த்திய சக்கர் மீன், ஆப்பிரிக்கத் தொட்டிகளில் சினோடான்டிஸ் கெளுத்தி ஆகியவை பெரும்பாலான அடிகளைத் தாங்கும். இரவில் இரை தேடுபவை என்பதால் பகலில் உலவும் சிக்லிட்டோடு மோத நேர்வது குறைவு. ஆயினும் பகலில் ஒடுங்க ஒரு பொந்து அவற்றுக்குத் தனியே வேண்டும். பொந்தில்லாத் தொட்டியில் சக்கரின் கண்ணும் வாலும் கடிபடும். நீண்டு தொங்கும் துடுப்புள்ள மீன்கள், மெல்ல நகரும் மீன்கள், நியான் டெட்ரா போன்ற பொடிமீன்கள் ஆகியவற்றுக்கு இத்தொட்டியில் இடமே இல்லை. நீரின் தன்மையும் ஒத்துப்போக வேண்டும்: மலாவி ஏரியின் நீர் காரத்தன்மையுள்ளது, அமேசான் மீன்கள் பலவற்றின் நீர் அமிலச் சாயல் கொண்டது, இரண்டையும் ஒரே தொட்டியில் சேர்ப்பது இரண்டில் ஒன்றை நாளும் நலிவிப்பதாகும்.

நீரில் கரைந்த செய்திகள்

சிக்லிட்களின் உரையாடல் கண்வழியில் மட்டும் நிகழ்வதில்லை. தமிழ்நாட்டுச் சந்தைகளில் ஜிலேபிக் கெண்டை என விற்கப்படும் திலாப்பியாவும் ஒரு சிக்லிட்டே. போர்த்துகல்லின் அல்கார்வே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மொசாம்பிக் திலாப்பியாவின் ஆதிக்க ஆண்கள் சிறுநீரைச் சேமித்து வைத்து, எதிரியோடு மோதும் வேளையில் சிறுசிறு அளவாக வெளியிடுவதைக் கண்டனர். அதிலுள்ள வேதிப்பொருள்கள் தம் நிலையை எதிரிக்கு உணர்த்துவதால், சண்டை முற்றாமல் தடுப்பதில் அவற்றுக்குப் பங்குண்டு என்று கருதப்படுகிறது. இக்குடும்பத்தின் மற்றோர் உறுப்பினரான ஏஞ்சல் மீனில் பிரேசில் ஆய்வாளர்கள் நடத்திய சோதனையில், தொட்டி நீரில் பாதியை ஒரேயடியாக மாற்றியபோது மோதல் கூடியது. காற்பங்கு மாற்றியபோது அவ்விளைவு குறைவாயிருந்தது. தொட்டியைக் கழுவி நீர் முழுவதையும் புதிதாக நிரப்பிய மறுநாள் மீன்கள் சண்டையிடுவதற்கு, நீரோடு சேர்ந்து ஏறுவரிசையின் செய்திகளும் வெளியேறிவிடுவது ஒரு காரணமாகலாம். வாரந்தோறும் காற்பங்கு மாற்றுவது நீரின் தூய்மைக்கும் தொட்டியின் அமைதிக்கும் ஒருங்கே உதவும்.

இணை சேரும் காலம்

பல மாதங்கள் அமைதியாயிருந்த தொட்டி ஒரே இரவில் போர்க்களமாவது பெரும்பாலும் இணையொன்று முட்டையிட்டதாலேயே ஆகும். 12 செ.மீ. நீளமுள்ள கன்விக்ட் ஆண், தன்னைப்போல் இருமடங்கு பெரிய மீன்களையும் துரத்துவது அப்போது இயல்பு. இதற்கு மூன்று வழிகள் உண்டு. ஆண்களை மட்டுமோ பெண்களை மட்டுமோ வளர்த்தால் இணையே உருவாகாது. தொட்டியின் ஒரு முனையில் இணைக்குரிய கல்லைத் தனித்து வைத்து, மறுமுனைவரை பார்வை எட்டாதபடி அடுக்கினால், ஆறடித் தொட்டியில் இணையும் பிறவும் சமாளிக்கலாம். இரண்டும் இயலாதபோது, துளையிட்ட தடுப்பைச் செருகி இணையைப் பிரித்து வைப்பதே பாதுகாப்பு. நீர் பொதுவாக இருக்க, எல்லை மட்டும் தனித்துவிடும்.

கடைநிலை மீன்

கூட்டுத்தொட்டியின் நலத்தை அதன் அழகிய ஆதிக்க மீனை வைத்து அளக்க முடியாது. மிகத் தாழ்ந்த நிலையிலுள்ள மீனே அதன் சரியான அளவுகோல். தீனி போடும் வேளையில் வராமல், ஹீட்டருக்குப் பின்னோ நீர்மட்டத்து மூலையிலோ ஒட்டி நிற்பது, நிறம் கறுத்துப்போவது, வால்துடுப்பின் ஓரம் சீரற்றுக் கிழிந்திருப்பது, செதில் உதிர்ந்த வெள்ளைத் தடம் தெரிவது ஆகியவை அதன் அடையாளங்கள். ஓயாத அச்சத்தில் வாழும் மீனின் உடலில் கார்ட்டிசால் என்ற இயக்குநீர் உயர்ந்தே இருப்பதால் வளர்ச்சி குன்றுகிறது, நோயெதிர்ப்பும் தளர்கிறது. ஆகவே அது அடியால் சாவதற்கு முன்பே பூஞ்சையாலோ வெண்புள்ளி நோயாலோ சாகிறது, நோயே காரணமென்று வளர்ப்பவரும் கருதிவிடுகிறார். சில நிமிடத் துரத்தல் எந்தச் சிக்லிட் தொட்டியிலும் உண்டு. துரத்தப்பட்ட மீன் அடுத்த வேளை தீனிக்கு மற்றவற்றோடு வருகிறதா என்பதே வேறுபாட்டைக் காட்டும்.

வரவில்லையெனில், அடிபட்டதை எடுப்பதைவிட அடிப்பதை எடுப்பது பெரும்பாலும் நல்ல பயனைத் தரும். அடிபட்டதை நீக்கினால் வரிசையில் அடுத்தது அதன் இடத்துக்கு வரும். அடிப்பதை ஓரிரு வாரம் வேறு தொட்டியில் வைத்து, கற்களை மாற்றியடுக்கியபின் திரும்ப விட்டால், அது குடியிருப்பாளன் என்ற உரிமையை இழந்து புதுமீனாகவே நுழைகிறது. இத்தனைக்கும் இணங்காத மீன்கள் உண்டு. 1990களில் மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கப்பட்டு, சென்னைக் கொளத்தூர் கடைகள்வரை பரவியுள்ள ஃபிளவர்ஹார்ன் அவற்றுள் ஒன்று. அதற்குத் துணை தேடுவதைக் கைவிட்டுத் தனித்தொட்டி ஒதுக்குவதே நேரிய தீர்வு.

தீர்வாகக் கருதவே கூடாத ஒன்றும் உண்டு: வேண்டாத மீனை ஏரியிலோ குளத்திலோ கொண்டுபோய் விடுவது. குஞ்சுகளை வாயிலும் கூட்டமாகவும் காப்பதும், பிற மீன்களை இடம்விட்டு விரட்டுவதும் தொட்டியில் தொல்லையாகத் தோன்றினாலும், திறந்த நீர்நிலையில் அவையே வெற்றிக்கான கருவிகள். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியா நாட்டின் நீர்நிலைகளில் பரவி நாட்டு மீன்களை நெருக்குவதும், தொட்டிகளிலிருந்து வெளியேறிய சக்கர் மீன் தமிழ்நாட்டின் ஏரிகளில் வலைகளை நிறைப்பதும் அதற்குச் சான்று. ஏரிக்குள் விடப்பட்ட மீனை எவராலும் திரும்பப் பிடித்துவிட முடியாது; எனவே வளர்ந்தபின் ஒரு மீனுக்கு எவ்வளவு எல்லை தேவைப்படும், அதைத் தன் வீட்டில் ஒதுக்க முடியுமா என்ற கணக்கை, அது கைவிரல் அளவுக் குஞ்சாகக் கடையில் இருக்கும்போதே போட்டுவிட வேண்டும்.